பெட்ஃபோர்ட் சதுக்கத்துச் செங்கல் வீடுகள்: நேர்மையா, முகப்பு வேடமா?

சுண்ணாம்புக்காரன்:
லண்டனில் 1775க்கும் 1783க்கும் இடையே எழுந்த பெட்ஃபோர்ட் சதுக்கத்து வீடுகளை "வெறும் செங்கல் பெட்டிகள்" என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விருந்தினரை வரவேற்கும் முதல் மாடியில் சன்னல் நெடிதுயர்ந்து நிற்க, மேலே போகப்போக அது குறுகி, உச்சி மாடியில் ஏறத்தாழச் சதுரமாக முடிகிற அந்த அளவுக் கணக்கே இவற்றின் அழகு. செங்கல்லைச் செங்கல்லாகவே காட்டிய நேர்மையும் இவற்றுக்கு உண்டு.

கொத்தனார் பேரன்:
நேர்மை என்ற சொல்லைத்தான் ஏற்க இயலவில்லை, ஐயா. அக்கால லண்டன் வீடுகள் பலவற்றில் தெருவைப் பார்த்த செங்கல் விலை கூடியது. அதன் முதுகில் இருப்பதோ சரியாக வேகாத மலிவுக் கல். நீண்ட பக்கம் தெரிய வைத்த நீளக்கல்லும், குறுக்கே வைத்து முனை மட்டும் தெரியும் தலைக்கல்லும் மாறிமாறி வரும் பிளெமிஷ் கட்டு முகப்பில் தெரிகிறது. ஆனால் தலைக்கல் பலவும் பாதியாக உடைத்து வைக்கப்பட்டவை, உட்சுவருக்குள் நுழைந்து பிடிப்பதில்லை. முகப்பு புடைத்து வெளியே தள்ளுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இடுக்குகளைச் செங்கல் நிறக் கலவையால் அடைத்து, நடுவில் நூல்போல வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டால், கோணல் கல்லும் அளவெடுத்து அறுத்ததுபோல நிற்கும். என் தாத்தா பார்த்திருந்தால் கையைப் பாராட்டிவிட்டு, வேலையைத் திட்டியிருப்பார்.

சுண்ணாம்புக்காரன்:
அந்தக் குறைக்குக் காரணம் குத்தகை முறை. நிலம் பெட்ஃபோர்ட் பிரபு குடும்பத்தினுடையது. கட்டியவருக்குக் கிடைத்தது 99 ஆண்டுக் குத்தகை. கெடு முடிந்ததும் வீடு நிலத்துக்காரருக்கே போய்விடும் என்றால், எவர்தாம் பேரன் காலத்துக்கென்று சுவர் எழுப்புவார்?

தீக்குச்சி:
இருவரும் விதிகளை மறந்துவிட்டீர்கள். லண்டனை எரித்த 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் அச்சமே அந்த முகப்பை வடித்தது. மரத்தாலான கூரை விளிம்புக்கு 1707இல் தடை வந்ததால் கைப்பிடிச்சுவர் எழுந்து கூரையை மறைத்தது. 1709இல் சன்னலின் மரச்சட்டகம் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளப்பட்டது. 1774இல் அது செங்கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டது. நீங்கள் ரசனை என்று புகழ்வதில் பாதி, தீத்தடுப்பு.

கொத்தனார் பேரன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு பக்கத்திலும் நடுவில் நிற்கும் வீட்டுக்கு மட்டும் செங்கல்லை மறைக்கும் பூச்சு எதற்கு? வாசல் வளைவின் உச்சியில் செதுக்கிய கல்போல நடிக்கும் தாடிக்காரத் தலை எதற்கு?

சுண்ணாம்புக்காரன்:
பூச்சு விஷயத்தில் தோற்றேன். தலையை விட்டுக்கொடுக்க மாட்டேன்: அது எலினோர் கோட் அம்மையார் 1769 முதல் லண்டனின் லாம்பெத்தில் நடத்திய பட்டறையின் சுட்ட மண். சூளையில் வெந்ததால் அதுவும் செங்கல்லுக்குப் பங்காளிதான். இருநூறு ஆண்டுப் புகைக்கும் மழைக்கும் பிறகும் அந்தத் தாடியின் சுருள்களை எண்ணலாம்.