3060-க்கு 450 வாட் போதும்னு சொன்ன மகான் யாரு?

வாட்_வாத்தியார்: "ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) தாராளம்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குப் பதினோரு லைக் வேற! கார்டு கம்பெனி என்விடியாவே 550னு போட்டிருக்கான். பெட்டியைக்கூடப் படிக்காம அட்வைஸ் பண்ண வந்துடறாங்க.

ரிட்சி_கோபி: எழுதினது நான்தான். கார்டு 170 வாட். ரைசன் 5 5600 ப்ராசசர் முழு லோடுல 76. போர்டு, ரேம், ஃபேன் எல்லாத்துக்கும் 50 வைங்க. கூட்டினா 296. இதுக்கு ட்யூஷன் போகணுமா வாத்தியாரே?

வாட்_வாத்தியார்: பெட்டியில 550.

ரிட்சி_கோபி: அது மொத்த கம்ப்யூட்டருக்கும் சேர்த்துச் சொன்ன நம்பர், கார்டு தின்கிறது இல்ல. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல பெரிய எழுத்தைப் பார்க்காதீங்க, 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்க; கார்டும் ப்ராசசரும் இழுக்கறது அதுலதான். என்னோட 450-ல 36 ஆம்பியர். 12-ஆல பெருக்கினா 432 வாட். போன மாசம் ஒரு பையன் "500 வாட்"னு ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். 12 வோல்ட்ல வெறும் 18 ஆம்பியர், அதாவது 216 வாட். மிச்சத்தை 5 வோல்ட்லயும் 3.3-லயும் ஏத்திக் காட்டியிருக்கான். கையில எடுத்தா காலி டிபன் பாக்ஸ் கனம்தான். அதை 550-னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா வாங்கிடுவீங்க போல.

வாட்_வாத்தியார்: கதை வேணாம். 550னு போட்டிருக்கா இல்லையா?

மின்மினி: ரெண்டு பேரும் ஸ்பைக்கை விட்டுட்டீங்க. 30 சீரிஸ் கார்டு இழுக்கற கரண்ட் ஒரு மில்லிசெகண்ட் சட்டுனு எகிறும், பட்டுனு மெஷின் ஆஃப் ஆகும். 2022-ல ஏடிஎக்ஸ் 3.0-ங்கிற எஸ்எம்பிஎஸ் தரநிலையில அதுக்குன்னே விதி போட்டாங்க.

வாட்_வாத்தியார்: அப்படிச் சொல்லுங்க! அதுக்குத்தான் 550.

மின்மினி: நான் உங்க கட்சி இல்ல சார். மட்டமான 650-உம் அதே மாதிரி கட் ஆகும்.

வாட்_வாத்தியார்: 80 ப்ளஸ் கோல்டு வாங்கினா ஆகாது.

ரிட்சி_கோபி: 80 ப்ளஸ் எவ்வளவு கரண்ட் வீணாகுதுன்னு சொல்ற சான்று. லோடு தாங்குமான்னு சொல்றது இல்ல. இதுவும் பெட்டியில படிச்சதா?

வாட்_வாத்தியார்: மோலெக்ஸ்ல (பழைய 4 பின் கனெக்டர்) இருந்து கார்டோட 8 பின்னுக்கு மாத்தற வயரைப் போட்டு, கனெக்டர் உருகின போட்டோவைப் போட்டது யாருங்க?

ரிட்சி_கோபி: அது கஸ்டமர் மெஷின். அந்த வயரைப் போடாதீங்கன்னு சொல்லத்தான் போட்டேன். 8 பின்னுக்கு 150 வாட் போகணும், ஒத்த மோலெக்ஸ் எங்க தாங்கும்? நீங்க "பிரிக்காத பீஸ்"னு எனக்கு வித்த ரேம் கதையைச் சொல்லட்டுமா? ஸ்லாட் கீறலோட வந்துச்சே.

புதுப்பையன்07: அண்ணே, வீட்டுல 600 விஏ யுபிஎஸ் இருக்கு. அது தாங்குமா?

வாட்_வாத்தியார்: 600 தாராளம் தம்பி. 550-தானே வேணும்.

ரிட்சி_கோபி: விஏ வேற, வாட் வேற! அந்த யுபிஎஸ் பின்னாடி பாரு தம்பி, 360 வாட்னு இருக்கும். வாத்தியார்னு பேரு வேற.

வாட்_வாத்தியார்: ரேம் பில் இன்னும் என்கிட்ட இருக்கு. போடவா?

ரிட்சி_கோபி: போடுங்க, தேதி தெரியற மாதிரி போடுங்க.

வாட்_வாத்தியார்: போடறேன். நீங்க முதல்ல அந்த 3060 பெட்டியைத் திருப்பிப் போட்டோ எடுத்துப் போடுங்க.