ஒரு பெட்டியில் மட்டும் ட்வீட்டர் மங்கிவிட்டது: பழுது கிராஸ்ஓவரிலா?

கேள்வி:
இருவழி ஸ்பீக்கர் ஜோடி, 8 ஓம். இடப்பக்கப் பெட்டியில் சிம்பல் ஒலியே எழுவதில்லை. ட்வீட்டரில் (உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) காதை ஒட்டினால் மெல்லிய சீறல் மட்டும் வருகிறது. ஆம்பிளிஃபயரில் சேனல் மாற்றிப் பார்த்தேன், குறை பெட்டியோடுதான் போகிறது. பின்பக்க முனைகளில் மல்டிமீட்டர் 6.1 ஓம் காட்டுகிறது, வலப்பக்கமும் அப்படியே. அப்படியானால் கிராஸ்ஓவர் (உச்ச ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில் 1:
கொள்ள முடியாது. அந்த 6.1 ஓம் வூஃபருடையது, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கருடையது. வூஃபருக்கு முன்னால் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) வழியே நேர்மின்னோட்டம் தாராளமாகப் போகும். ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் அதை மறித்துவிடும். ட்வீட்டரைக் கழற்றி மேசையில் வைத்தாலும் மீட்டர் இதே எண்ணைத்தான் காட்டும். (நானும் இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன்.) இரண்டு ட்வீட்டர்களையும் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன். இடப்பக்க ட்வீட்டர் வலப்பக்கப் பெட்டியில் கணீரென்று ஒலிக்கிறது. பலகையில் ட்வீட்டருக்குத் தொடராக 4.7 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று, வூஃபருக்கு ஒரு காயில், அவ்வளவுதான். கெபாசிட்டர் உப்பவுமில்லை, கசியவுமில்லை.

பதில் 2:
உப்பாமலேயே உள்ளே வறண்டிருக்கும். ஒரு காலைச் சால்டரிலிருந்து விடுவித்து அளந்து பாருங்கள். பலகையில் இருந்தபடி அளந்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து எண்ணைக் குழப்பும். அப்படியே சால்டர் இணைப்புகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெட்டி அதிர அதிர, கனமான பாகங்களின் காலைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய விரிசல் விழும். சைன் ஒலி (ஒரே அதிர்வெண் கொண்ட சீரான ஒலி) கொடுத்துச் சோதிப்பதானால் ட்வீட்டர் இருந்த இடத்தில் 8 ஓம் மின்தடையை வையுங்கள். சுமையில்லாத கிராஸ்ஓவர் பொய் சொல்லும். ட்வீட்டரை வைத்துக்கொண்டு ஒலியை ஏற்றினால் அதன் சுருள் கருகிவிடும்.

கேட்டவர்:
விரிசல் இல்லை. கெபாசிட்டர் 1.2 காட்டுகிறது!

பதில் 1:
அகப்பட்டது. 8 ஓம் சுமைக்கு 4.7 என்றால் வெட்டு அதிர்வெண் (ட்வீட்டருக்குப் போகும் ஒலி குறையத் தொடங்கும் இடம்) சுமார் 4,200 ஹெர்ட்ஸ், 1.2 என்றால் சுமார் 16,600. அதற்குக் கீழே ஒலி சரிந்துகொண்டே போகும். சிம்பலின் பெரும்பகுதி அந்தச் சரிவில்தான் கிடக்கிறது. துருவமற்ற (+, − பக்க வேறுபாடு இல்லாத) கெபாசிட்டராகப் பார்த்துப் போடுங்கள். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது.

கேட்டவர்:
வலப்பக்கம் 4.4 இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

பதில் 2:
அதையும் மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வகையாக. ஒரு பக்கம் மட்டும் புது ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால், உள்தடை குறைவதால் அந்தப் பக்கம் சற்றுக் கூர்மையாகக் கேட்கக்கூடும். பிறகு பாடகர் ஏன் நடுவிலிருந்து நகர்ந்து உட்கார்ந்தார் என்று இன்னொரு கேள்வியோடு வருவீர்கள்.