மினி 2 ட்ரோனின் நேரலைப் படத்தைக் கொகிள்ஸில் பார்க்கலாமா? (கல்லடி, மட்டக்களப்பு)

கேள்வி: வாவிக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்கிறது டிஜேஐ மினி 2, அதோட வந்த ஆர்சி-என்1 றிமோட், ஒரு அன்ட்ரொய்ட் போன். கல்லடிக் கடற்கரையில பத்து மணிக்குப் பிறகு வெயிலுக்குப் போன் திரை ஒண்டும் தெரியுதில்லை. கண்ணில மாட்டிப் பார்க்கிற கொகிள்ஸ் ஒண்டு எடுப்பம் எண்டு யோசனை. கடையில கேட்டா "கொகிள்ஸ் 2 எடுங்க, எல்லா டிஜேஐ ட்ரோனுக்கும் சரிவரும்" எண்டு சொல்றாங்க. இணையத்தில சரிவராது எண்டு கிடக்கு. எது உண்மை?

போனைச் செருகிப் பார்க்கிற விஆர் பெட்டி வேலை செய்யுமா? தெரிஞ்ச ஒராள் 5 அங்குல எஃப்பிவி ட்ரோன் (கமரா காண்கிறதைக் கொகிள்ஸில பார்த்தே ஓட்டுறது) ஒண்டு விற்கிறார், அனலொக் கமரா. ரெண்டுக்கும் ஒரே கொகிள்ஸ் போதுமா? நான் கண்ணாடி போடுற ஆள் (-2.5, -3). அதையும் மனசில வச்சுச் சொல்லுங்க.

பதில்: எழுவான்கரை

தம்பி, கொகிள்ஸ் 2 மினி 2க்குச் சேராது. காசைக் குடுத்திராதீங்க.

கொகிள்ஸுக்குள்ள ஒரு ரிசீவர் இருக்கு. ட்ரோன் அனுப்புற சிக்னல் வகையும் அந்த ரிசீவரும் ஒத்துப்போனாத்தான் படம் வரும். 2020இல் வந்த மினி 2 ஒகுசிங்க் 2.0 முறையில றிமோட்டுக்கு மட்டும் படம் அனுப்புது. கொகிள்ஸ் 2, இன்டெக்ரா, கொகிள்ஸ் 3 எதுவும் அதைப் பிடிக்காது. மினி 4 புரோ, எயார் 3 மாதிரிப் பிந்தி வந்தவைதான் அவற்றோட சேரும். அப்பவும் ட்ரோன், கொகிள்ஸ், றிமோட் மூண்டிலயும் ஃபேர்ம்வெயரை (கருவிக்குள்ள ஓடுற மென்பொருளை) புதுப்பிச்ச பிறகுதான் இணைப்பு நிக்கும். ஒண்டு பழசாக் கிடந்தாலும் "இணைக்கப்படவில்லை" எண்டே காட்டிக்கொண்டிருக்கும்.

விஆர் பெட்டி வேலை செய்யும். டிஜேஐயின்ர சொந்த ஆப்பான டிஜேஐ ஃப்ளையில திரையை ரெண்டாப் பிரிக்கிற வசதி இல்லை. லிற்சி எண்ட கட்டண ஆப்பில விஆர் முறை இருக்கு, மினி 2ஐயும் ஏற்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

போன் பெட்டிக்குள்ள போயிரும், றிமோட் கையில இருக்கும். அதனால கிட்டத்தட்ட 1 மீற்றர் நீளமான சி-க்குச் சி வயர் வேணும். சார்ஜுக்கு மட்டும் உள்ள வயர் உதவாது, டேட்டாவும் கடத்துற வயரா இருக்கணும். றிமோட்டில போன் வயர் போற குழி ஒடுக்கம், தடிச்ச தலை உள்ள வயர் உள்ள இறங்காது. வாங்கேக்க றிமோட்டைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்க.

கன பேர் விடுற பிழை ஒண்டு இருக்கு. ஆர்சி-என்1இல அன்டெனா இருக்கிறது போனைப் பிடிக்கிற அந்த இழுப்புக் கைக்குள்ளதான். போன் அங்க இல்லை எண்டு கையை உள்ள தள்ளி வச்சுப் பறந்தா சிக்னல் சட்டெண்டு விழும். வெறுங்கையா இருந்தாலும் மேல இழுத்து, தட்டையான முகத்தை ட்ரோன் நிக்கிற பக்கம் திருப்பி வையுங்க.

லிற்சியில தலை அசைவைப் பின்தொடர்ற வசதியை முதல்ல நிறுத்துங்க. மினி 2 கிம்பல் (கமராவை ஆடாமப் பிடிக்கிற தாங்கி) மேலும் கீழும்தான் குனியும். தலையைப் பக்கவாட்டில திருப்பினா ட்ரோனே திரும்பணும், அதுக்கு நேரம் எடுக்கும். தலைசுற்றலுக்குப் பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி தாமதம். மினி 2 நேரலைப் படம் 720பி, செக்கனுக்கு 30 பிரேம், தாமதம் ஏறக்குறைய 200 மில்லிசெக்கன். ஆக வேகமான ஸ்போர்ட் முறையில செக்கனுக்கு 16 மீற்றர் போகேக்க நீங்க காண்கிற இடத்தை ட்ரோன் 3 மீற்றருக்கு மேல தாண்டியிருக்கும். தென்னை வட்டுக்குக் கிட்டப் போய்த் திருப்பலாம் எண்டு நினைச்சா முடிஞ்சுது. எஃப்பிவி கொகிள்ஸில இந்தத் தாமதம் 30, 40 மில்லிசெக்கனுக்குள்ள அடங்கும், அதனாலதான் மரத்துக்கு நடுவால பறக்க முடியுது.

எக்ஸ்ரியல் மாதிரிக் கண்ணாடி வடிவ திரைகளையும் சிலர் சொல்லுவாங்க. போனில இருக்கிறது ஒரே ஒரு சி வாய், அதை றிமோட் பிடிச்சிரும். ஹப் போட்டுப் பிரிச்சாலும் பெரும்பாலும் வராது. அந்த இணைப்பில றிமோட்தான் தலைமைக் கருவி, போன் துணைக்கருவி. வயர் இல்லாமத் திரையைப் பிரதி எடுத்தா தாமதம் இன்னும் கூடும்.

உங்கட பிரச்சினை வெயில்தான் எண்டால், போனுக்கு மாட்டுற கறுப்பு வெயில் மறைப்பு ஒண்டே போதும். திரை வெளிச்சத்தை முழுசா ஏத்தி, தானாக் குறையிற வசதியை நிறுத்துங்க. மினி 2ஐ வச்சுக்கொண்டு கொகிள்ஸுக்குச் செலவழிக்கிறதை நான் ஏற்கமாட்டேன்.

பதில்: சம்மாந்துறை வயல்வெளி

அனலொக் பக்கம் நான் சொல்றன். ரெண்டுக்கும் ஒரே கொகிள்ஸ் போதாது தம்பி. அனலொக் கொகிள்ஸ் 5.8 கிகாஹேர்ட்ஸ் வீடியோவை மட்டும் பிடிக்கும், மினி 2 அதில தெரியாது. ஆனால் எஃப்பிவி பழகத்தான் ஆசை எண்டால் அந்த 5 அங்குல ட்ரோனும் ஒரு பெட்டிக் கொகிள்ஸும் நல்ல தொடக்கம். ஈச்சின் ஈவி800டி மாதிரி ஒண்டு எடுங்க: 5 அங்குலத் திரை, 800×480, ரெண்டு அன்டெனா, மெமரி காட்டில பதிவு. ரெண்டு அன்டெனாவில எதில சிக்னல் நல்லமோ அதைத் தானாத் தெரிவு செய்யும். ஒண்டு சுத்திவரப் பிடிக்கிற காளான் அன்டெனா, மற்றது ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற தட்டை அன்டெனா. தட்டை இருக்கிற பக்கத்தை ட்ரோனுக்கு நேரே காட்டிக்கொண்டு நிக்கணும்.

வாங்கும் முன்னம் அன்டெனாவைக் கவனிங்க. ட்ரோனில ஆர்எச்சிபி (அலை வலப்பக்கமாச் சுழல்ற வகை) எண்டால் கொகிள்ஸிலயும் ஆர்எச்சிபி. ஒண்டு வலம், மற்றது இடம் எண்டு மாறினா மேசையில படம் வரும், தூரம் போகாது. திருகு வகை எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ எண்டு ரெண்டு. வெளியால பார்க்க ஒரே மாதிரி, முறுக்கினா இறுகவும் செய்யும். ஆனால் பொருந்தாத சோடியில நடு ஊசி ரெண்டு பக்கமும் இல்லாமப் போகலாம், அப்ப தொடுப்பே இருக்காது. விடிஎக்ஸ் (ட்ரோனில இருந்து வீடியோ அனுப்புற கருவி) பக்கம் அப்படி நடந்தா அன்டெனா இல்லாமச் சக்தி குடுத்த மாதிரி, விடிஎக்ஸ் எரிஞ்சு போகும். முதல் அன்டெனா, பிறகுதான் பற்றரி. இந்த ஒழுங்கை மாத்தவே வேண்டாம்.

மேசையில வச்சுப் பார்க்கேக்க சக்தியை 25 மில்லிவாட்டில வையுங்க. 400, 800இல ஓடவிட்டா, பறக்கேக்க கிடைக்கிற காத்து இல்லாததால ரெண்டு மூண்டு நிமிசத்தில கை வைக்க முடியாத அளவு சுடும்.

வாவிக்கரையான்

ரெண்டு பேருக்கும் நன்றி. மினி 2க்கு வெயில் மறைப்பே எடுக்கிறன். அந்த அனலொக் ட்ரோனையும் அவர்ட கொகிள்ஸையும் போட்டுப் பார்த்தம். பக்கத்தில படம் தெளிவு. வளவுக்கு வெளியால, ஒரு நூறு மீற்றர் போகேக்க கோடு கோடா வந்து பனி மாதிரி ஆகுது. அன்டெனா ரெண்டும் ஆர்எச்சிபிதான், பார்த்திட்டன். கொகிள்ஸில தேடல் பட்டனை அமத்தித்தான் செனல் பிடிச்சது. ட்ரோன் பழுதா?

பதில்: சம்மாந்துறை வயல்வெளி

ட்ரோனைச் சந்தேகப்பட முதல் அந்தத் தேடல் பட்டனைச் சந்தேகப்படுங்க.

ட்ரோன் காலடியில கிடக்கேக்க சிக்னல் அவ்வளவு பலம், பக்கத்துச் செனல்களிலயும் வழியும். கொகிள்ஸ் அதில ஒண்டைப் பிடிச்சு நிண்டிரும். கிட்ட இருக்கும் வரை படம் நல்லா இருக்கும், தூரம் போனதும் விழும். நீங்க சொல்ற அறிகுறி இதுதான். செனல் இலக்கத்தை மட்டும் பார்க்காதீங்க, பட்டையின்ர (செனல் கூட்டத்தின்ர) எழுத்தையும் பாருங்க: ஆர் பட்டையில 5ஆம் செனல் 5806 மெகாஹேர்ட்ஸ், எஃப் பட்டையில 5ஆம் செனல் 5820. ரெண்டிலயும் மேசையில படம் வரும். ட்ரோனின்ர திரை எழுத்து மெனுவிலயோ, ட்ரோனை அமைக்கிற பீற்றாஃப்ளைற் மென்பொருளிலயோ விடிஎக்ஸ் எந்தப் பட்டை, எந்தச் செனல் எண்டு பார்த்து, கொகிள்ஸில கையால அதே மெகாஹேர்ட்ஸை வையுங்க. தேடல் பட்டனைத் தொடாதீங்க.

5725க்கும் 5875க்கும் இடையில நிக்கிறதுதான் முறை. ஆர்4 (5769), ஆர்5 (5806), ஆர்6 (5843) மூண்டும் அதுக்குள்ள. ரெண்டு பேர் ஒண்டாப் பறந்தா ஒராள் ஆர்4, மற்றவர் ஆர்6. பாசிக்குடா ஹோட்டல் பக்கம் எண்டால் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை 5745 தொடக்கம் 5825 வரை நிக்கலாம், அங்க ஆர்6 கொஞ்சம் துப்புரவா இருக்கும்.

செனல் சரியா வச்சும் அதே இடத்தில விழுந்தா விடிஎக்ஸ் இன்னும் 25 மில்லிவாட்டிலயே நிக்குதா எண்டு பாருங்க. அடுத்தது தென்னை. மழை நனைச்ச ஓலை 5.8ஐ நல்லா உறிஞ்சும். வளவுக்குள்ள நிண்டு வெளியால பறக்காம, வெளிக்கு வந்து நில்லுங்க. பெரும்போக அறுவடை முடிஞ்ச வயல் பழகுறதுக்குத் தோதான இடம். விழுந்தாலும் ஒட்டுக் கட்டையில பெரிய சேதம் வராது.

பதில்: படுவான்கரை வானம்

கண்ணாடிக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. பெட்டிக் கொகிள்ஸில மெல்லிய சட்டக் கண்ணாடி சிலருக்கு உள்ள போகும், அகலச் சட்டம் போகாது. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனித் திரை உள்ள வகையில கண்ணாடி போட இடமே இல்லை. டிஜேஐ கொகிள்ஸ் 2இல +2 தொடக்கம் -8 வரை பார்வையைத் திருகிச் சரிசெய்யலாம், கண் இடைவெளி 56 தொடக்கம் 72 மில்லிமீற்றர். உங்கட -2.5, -3க்கு அது தாராளம். இன்டெக்ராவில அந்தத் திருகு இல்லை, தனி வில்லை (லென்ஸ்) செருகணும். டிஜேஐ கொகிள்ஸ் என்3 கண்ணாடிக்கு மேலாலயே மாட்டுற மாதிரிச் செய்தது. இதெல்லாம் நாளைக்குப் புது ட்ரோன் எடுக்கேக்க பார்க்க வேண்டிய கணக்கு.

வெயிலில முக்கியமான ஒண்டு: கழட்டின கொகிள்ஸை வில்லை மேல பார்க்க வைக்காதீங்க. உள்ள இருக்கிறது உருப்பெருக்கி வில்லை. சூரியன் நேரா விழுந்தா சில செக்கனில திரையில மஞ்சள் புள்ளி விழும், அது ஆறாது. கழட்டின கையோட மூடி போடுங்க, இல்லாட்டிக் குப்புற ஒரு துணியில வையுங்க.

வில்லையில புகார் (ஈர ஆவி) பிடிக்கிறதும் எங்கட பக்கம் கூட. ஏசி வாகனத்தில இருந்து இறங்கின உடனே மாட்டினா ஈரக்காத்து படிஞ்சிரும். பையைத் திறந்து பத்து நிமிசம் வெளிக்காத்தில விடுங்க. கடற்கரையில உப்பு படிஞ்ச வில்லையை உலர்ந்த துணியால தேய்ச்சா கீறும். முதல்ல நல்ல தண்ணியில நனைச்ச மென்துணியால ஒத்தி எடுத்து, பிறகு துடைக்கணும்.

பதில்: எழுவான்கரை

வாவிக்கு மேலால பறக்கிற எண்ணம் இருந்தா இதையும் சேர்த்து வாசிங்க.

தண்ணி மேல தாழப் பறக்கேக்க நேரா வாற சிக்னலும் தண்ணியில பட்டுத் தெறிச்சு வாறதும் ஒண்டையொண்டு அழிக்கும். வட்ட முனைவு அன்டெனா (ஆர்எச்சிபி மாதிரி) தெறிப்பை ஓரளவு தள்ளிவிடும், ஆனால் மிகச் சாய்வாப் படுகிற தெறிப்பில அந்த நன்மை குறையும். உயரம்தான் மருந்து. 5.8இல 1 கிலோமீற்றர் தூரத்துக்கு நடுப்பகுதியில சிக்னல் போற கோட்டுக்கும் தண்ணிக்கும் இடையில கிட்டத்தட்ட 3.6 மீற்றர் வெளி வேணும், 500 மீற்றருக்கு 2.5. கரையில ஆள் நிண்டு 1.6 மீற்றர், ட்ரோன் 2 மீற்றர் எண்டால் நடுவில 1.8தான் வரும், போதாது. ட்ரோனை 8, 10 மீற்றருக்கு ஏத்தினா அதே அன்டெனா, அதே சக்தியில படம் திரும்பி வரும். மினி 2க்கு இன்னொரு காரணமும் இருக்கு: அடியில உள்ள சென்சர் தண்ணி மேல உயரத்தைப் பிழையாக் கணிக்கும், மெல்ல மெல்ல இறங்கும். விஆர் பெட்டியில பார்க்கிறவருக்கு அது தெரியாது.

கச்சான் காத்து நாளில இன்னும் கவனம். மினி 2 செக்கனுக்கு 10.5 மீற்றர் காத்து வரைதான் தாங்கும். கிம்பல் படத்தை ஆடாமப் பிடிக்கிறதால ட்ரோன் சரிஞ்சு மல்லுக்கட்டுறது கொகிள்ஸில தெரியாது. கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். கடல் பக்கம் போகேக்க சுகமாப் போகும், திரும்பேக்க பற்றரி குடிக்கும். பாதிப் பற்றரி வரும் வரை காத்திருக்காம 65, 70 சதவீதத்தில திருப்புங்க. வேக இலக்கத்தைப் பாருங்க: முழுசாத் தள்ளியும் செக்கனுக்கு 3, 4 மீற்றருக்கு மேல வரேல்ல எண்டால் உயரத்தைக் குறைச்சு வாங்க, தாழ காத்து குறைவு. அனலொக் 4 செல் பற்றரி எண்டால் திரையில 14.0 வோல்ட் கண்டதும் இறக்குங்க.

கொகிள்ஸ் மாட்டினால் பக்கத்தில ஒராள் கட்டாயம். ட்ரோன் வெறுங்கண்ணுக்குத் தெரியிற தூரத்தில இருக்கணும் எண்டது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதி. கொகிள்ஸ் மாட்டினவர் கண் அங்க இல்லை, அதனால மற்றவர்ட கண் இருக்கணும். அவர் போனைப் பார்க்கக் கூடாது, ட்ரோனை மட்டும் பார்க்கணும். சொல் மூண்டு போதும்: "பருந்து", "வயர்", "ஆள்". பருந்து எண்டால் உடனே மேல ஏத்துங்க. பருந்து மேலால இருந்து பாயும், நேரே மேல ஏறுறதைத் துரத்துறது அதுக்குக் கஷ்டம்.

மட்டக்களப்பு விமான நிலையம் வாவிக்கு அங்கால் பக்கம், நகரத்தோட ஒட்டித்தான் கிடக்கு, விமானப்படை முகாமும் அங்கதான். அனுமதி இல்லாம அந்தப் பக்கம் ஏத்தவே வேண்டாம். அம்பாறைப் பக்கம் லகுகல, குமண போறவங்க வனசீவராசிகள் திணைக்கள அனுமதியையும் கையில வச்சுக்கொண்டு போங்க. விடிஎக்ஸை வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிறதெண்டால் ஓடர் போட முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை எடுங்க, இல்லாட்டிச் சாமான் சுங்கத்தில நிண்டிரும்.

வாவிக்கரையான்

எழுத்தைப் பார்த்தன் காக்கா. ட்ரோன் ஆர்5, கொகிள்ஸ் எஃப்5இல நிண்டிருக்கு. கையால 5806 வச்சாச்சு. இப்ப வளவுக்கு வெளியால, தென்னை இல்லாத பக்கம் 300 மீற்றர் வரை படம் பிசகேல்ல. விடிஎக்ஸ் 200 மில்லிவாட்.

பதில்: சம்மாந்துறை வயல்வெளி

200க்கு அது நல்ல தூரம், கூட்டத் தேவையில்லை. ட்ரோனின்ர செனலை ஒரு சின்னத் துண்டில எழுதி பற்றரி வார்க்குக் கீழ ஒட்டிவிடுங்க. மற்ற ஆள் ஒருத்தர் அதே செனலில ட்ரோனைப் போட்டா உங்கட படம் போயிரும், ஏத்த முதல் கேட்டுக்கொள்ள அது உதவும்.