மன்னார்குடியில் மைனஸ் 40 டிகிரி: சென்சாரா, வயரா?

மன்னை வண்டிக்காரன்:
2016 பெட்ரோல் வண்டி. தை அறுவடை முடிந்த கையோடு செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0118 என்று எரர் கோடு வந்தது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளப்பது) போய்விட்டது என்று 1,400 ரூபாய்க்குப் புதிது மாட்டி, எரரை அழித்து அனுப்பினார்கள். வடுவூர் தாண்டுவதற்குள் விளக்கு மறுபடி வந்துவிட்டது. இப்போது ஈசிஎம், அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமாம். சாவி போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, பெட்ரோலும் குடிக்கிறது. என்ன செய்யலாம்?

திருவாரூர் டிரைவர்:
எரரை அழித்துவிட்டு ஓட்டுங்க சார். என் வண்டியில் ரெண்டு வருஷமாக அந்த விளக்கு எரிகிறது. வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று சவாரி போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

மல்டிமீட்டர் மாமா (தஞ்சை):
டிரைவர் தம்பி, எல்லா எரரும் ஒன்றில்லை. பி0118 என்றால் சென்சார் கெட்டது என்று அர்த்தமே இல்லை. அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏற ஏற அந்த சென்சாரில் ஓம்ஸ், அதாவது மின்தடை இறங்கும்; குளிரக் குளிர ஏறும். வயர் அறுந்தால் ஓம்ஸ் எகிறிவிடும், ஈசிஎம் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட ஊற்றும். நிஜ சூடு தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடும். மன்னை தம்பி, ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். கூலன்ட் எத்தனை டிகிரி?

மன்னை வண்டிக்காரன்:
மைனஸ் 40! வெளியே மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
ஆயிரம் ரூபாய்க்கு ஸ்கேனர் வாங்கியவர் எல்லாம் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். வயரிங்கைப் பிரித்துத் தேட ரெண்டு மணி நேரம் ஆகும். அதற்கு 500 கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்பீர்கள். 1,400க்கு சென்சார் மாட்டினால் பேசாமல் கொடுப்பீர்கள். பிறகு நாங்கள் எதைச் செய்வோம்?

மல்டிமீட்டர் மாமா:
கூலி கேட்பது நியாயம். பார்க்காமலே ஈசிஎம் மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ரெண்டு நிமிஷ வேலை: சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். டிகிரி சட்டென்று 130க்கு மேல் போனால் வயரும் ஈசிஎம்மும் சரி, சென்சார்தான் கோளாறு. மைனஸ் 40லேயே நின்றால் வயரைத் தேடுங்கள்.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
வேறு சாக்கெட்டில் மாற்றிச் செருகிவிடாதீர்கள். அப்புறம் நிஜமாகவே ஈசிஎம் வாங்க வேண்டியிருக்கும்.

மன்னை வண்டிக்காரன்:
செய்தேன், அசையவில்லை. ஒரு பின்னில் 5 வோல்ட் வருகிறது, இன்னொன்றில் எர்த் இல்லை. டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி வைக்கோல், நாலைந்து நெல், பக்கத்தில் பல் பதிந்த வயர். வண்டி நிற்பது வைக்கோல் போருக்குப் பக்கத்தில். வயலில் வேலை முடிந்த எலி இங்கே குடிவந்திருக்கிறது! சாலிடர் வைத்து மூடினேன். 34 காட்டியது, ஓட ஓட 88. ஃபேன் நின்றுவிட்டது.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
என்ஜின் அதிர்வில் சாலிடர் விட்டுப்போகும். கிரிம்ப் (வயரை உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது) போட்டால்தான் நிற்கும்.

மல்டிமீட்டர் மாமா:
இதை ஒத்துக்கொள்கிறேன். டிரைவர் தம்பி, உங்கள் வண்டியில் என்ன எரர்?

திருவாரூர் டிரைவர்:
பி0300. மிதித்தால் விளக்கு சிமிட்டும்.

மல்டிமீட்டர் மாமா:
சிமிட்டுகிறதா? அது மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, ஐயா! எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். முதலில் பிளக், காயில் பாருங்கள்.

குடந்தை ஒர்க்‌ஷாப்:
கொண்டு வாங்க, நான் பார்க்கிறேன். தேடுகிற கூலி 500, இப்போதே சொல்லிவிட்டேன்.

திருவாரூர் டிரைவர்:
300 போடுங்க அண்ணே.