கொலுசுக் கூலி பாக்கி: எடை குறைகிறது என்று பிடித்துக்கொண்டார், என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன்:
வணக்கம். செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஐந்து பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறை என்னுடையது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுத் தருவார், கொலுசாக்கித் திருப்பித் தருவோம். கூலி, சேதாரம் எல்லாம் ஏழு வருடமாக வாய்ப்பேச்சுதான். இப்போது 2,86,000 ரூபாய் நிற்கிறது. கேட்டால், "140 கிராம் குறையுது, கழிச்சுக்கிட்டேன்" என்கிறார். என்னிடம் இருப்பது கம்பியில் குத்தி வைத்த எடைச் சீட்டுகள்தான். பாதியில் கையெழுத்தே இல்லை. போலீசுக்குப் போகலாமா?

கொண்டலாம்பட்டி தறி:
போலீஸ் வேண்டாம் தம்பி, இது கொடுக்கல் வாங்கல். 140 கிராமுக்காக மொத்தக் கூலியையும் நிறுத்துவது எந்த ஊர் கணக்கு? சிறுதொழிலுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? எப்போது எடுத்தீர்கள்?

பட்டறைக்காரன்:
2021-ல், பேங்க் லோனுக்காக எடுத்தது அண்ணா. பாக்கியெல்லாம் அதற்குப் பிறகு செய்த வேலைக்குத்தான்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
அப்படியானால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதைவிட முக்கியம், சரக்கில் குறை இருந்தால் வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாரா?

பட்டறைக்காரன்:
இல்லைங்க. கூலி கேட்ட பிறகுதான் எடை குறைந்தது.

அஸ்தம்பட்டி வக்கீல்:
அதைத்தான் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி, கொடுத்த எடை, திரும்பிய எடை, கூலி என்று பட்டியல் போட்டு அவருக்கு அனுப்புங்கள். வேலை முடிந்து மூன்று வருடம் தாண்டிய பாக்கிக்குப் பொதுவாக வழக்குப் போட முடியாது. பழைய சீட்டுகளை முதலில் பாருங்கள். காலம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். வாட்ஸ்அப்பில் "தர்றேன்" என்று சொல்லியிருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மசியவில்லை என்றால் வசதியாக்கக் கவுன்சில், அதாவது இதே சட்டப்படி பாக்கித் தகராறை விசாரிக்கும் அரசு அமைப்பு. எப்படி மனு போடுவது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பான தொகையில் 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் பேச முடியும்.

ஏற்காட்டு மிளகு:
எல்லாம் சரி. கேஸ் போட்டவன் என்று பேர் வந்தால் அந்தத் தெருவில் வேறு யார் வெள்ளி கொடுப்பார்கள்? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். அங்கே முடிந்தால் கோர்ட் தீர்ப்பு மாதிரிதான், அப்பீல் கிடையாது. எனக்கு ஒரு மிளகுப் பாக்கி அப்படித்தான் முடிந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், மறைக்கவில்லை.

பட்டறைக்காரன்:
பட்டியலை நேற்று இரவு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை அவர் கடைப் பையன் வந்து, "ஓனர் அந்தச் சீட்டெல்லாம் கேட்டார்" என்றான். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அசல் கம்பியிலேயே இருக்கிறது.