பழைய .22 துவக்கு: கட்டையில கை வைக்கிறதா, ரவையைப் பாக்கிறதா?

வெள்ளவத்தை வாசன்:
எங்கட சங்கத்துத் துவக்கு ஒண்டைப் பற்றிக் கேக்கவேணும். ஜெர்மன் அன்ஷுட்ஸ் 1411, .22 ரிம்ஃபயர், வோல்நட் கட்டை (இரும்பு உக்காருற மரப்பகுதி). எங்களில கனபேரை விட வயசு கூடினது. 50 மீட்டர் படுத்துச் சுடுறதுக்கு எடுக்கிறம். ஒரு காலம் பத்தாம் வளையத்துக்குள்ளயே நிண்ட சாமான், இப்ப ஒன்பது, எட்டு எண்டு இறங்குது. சில நாளையில ஒரே தாளில இரண்டு குறூப்பா, அதாவது இரண்டு துளைக் கூட்டமா விழுது: மேல ஒண்டு, இடப்பக்கம் கீழ ஒண்டு. சைட் ஆடேல்ல, அது பாத்தாச்சு. சங்கத்துத் துவக்குகளைத் திருத்துற ஆமரர் கட்டையைத் தோண்டி எபொக்சி ஊத்தி பெடிங் (இரும்பு ஆடாமல் உக்காரப் படுக்கை) செய்வம் எண்டு நிக்கிறார். சம்மதிக்கலாமா?

மரமும் இரும்பும்:
தாராளமாகச் சம்மதிக்கலாம். ஒரே தாளில் இரண்டு குறூப் என்றால் ரிசீவர் (குழல் பூட்டின, போல்ட் ஓடுகிற இரும்புக் கூடு) கட்டைக்குள் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். ஒரு சூட்டுக்கு ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறது, அடுத்ததற்கு மற்றப் பக்கம். உல்ம் நகரத்துக் காலநிலைக்குச் செதுக்கின மரம் அது. இங்கே மே மாத மழையில் வோல்நட் நாருக்குக் குறுக்கே உப்பும், ஏசி போட்ட ஆயுத அறையில் திரும்பச் சுருங்கும். வருடக்கணக்காக இப்படி நடந்தால் ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கிற ஸ்குரூவுக்குக் கீழே இருக்கிற மரம் நசுங்கிப் போகும். எபொக்சிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தெமட்டகொடை நானா:
வாசன் தம்பி, அவசரப்படாதீங்க. தோண்டின மரம் திரும்ப வராது. ரிம்ஃபயரில் முதல் சந்தேகம் ரவை மேலதான் போகணும். தீப்பற்றுற மருந்து விளிம்புக்குள்ள சுழற்றிப் பரப்பினது; எல்லா ரவையிலும் ஒரே அளவா இருக்காது. அதனாலதான் ஒரே பெட்டி, ஒரே பெயர் இருந்தாலும் லொட் (ஒரே தடவையில் செஞ்ச தொகுதி) மாறினா துவக்கு வேற மாதிரிச் சுடும்.

கணக்கு ஒண்டு சொல்றேன். மெச் ரவை, அதான் போட்டி ரவை, செக்கனுக்கு 325 மீட்டர் அளவில் போகுது. 50 மீட்டர் போறதுக்குள்ள ஏறத்தாழ 12 சென்ரிமீட்டர் விழும். வேகம் 10 மீட்டர் குறைஞ்சா இன்னும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கீழ இறங்கும். 50 மீட்டர் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அதே 8 மில்லிமீட்டர்தான். கட்டையில் ஒரு குறையும் இல்லாமலே ஒரு வளையம் போயிடும்.

மரமும் இரும்பும்:
நானா, கணக்கு சரி. ஆனால் அது மேல் கீழாக நீளுகிற குறூப்புக்குத்தான் பொருந்தும். வாசன் சொல்வதில் இடப்பக்கமும் இருக்கிறதே? வேகம் குறைந்தால் ரவை இடப்பக்கம் போகாது. இன்னொன்று: லொட் பார்த்து எடுக்கச் சொல்வது ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு. அங்கே துவக்கைக் கொண்டுபோய்ப் பல லொட்டைச் சுட்டுப் பார்த்து, பிடித்ததைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம். இங்கே சங்கத்துக்கு எது வருகிறதோ அதுதான். மாற்ற முடியாத ரவையை விட்டுவிட்டு மாற்றக்கூடிய கட்டையைச் சரிசெய்வதில் என்ன பிழை?

புதுக்கடை ரேஞ்ச்:
குழல் வாயைப் பாத்தீங்களா? பழைய துவக்கை யாரோ ஒரு காலம் வாய்ப்பக்கத்தால கம்பி விட்டுத் துடைச்சிருப்பாங்க. கிரவுன், அதான் குழல் வாயின் விளிம்பு, ஒரு பக்கம் தேஞ்சா ரவை வெளியேறும்போதே வாயு ஒரு பக்கம் முந்தும். லேத்தில் போட்டு வெட்டினா முடிஞ்சிது. இல்லாட்டி வேகம் கூடின ரவை போட்டுப் பாருங்க.

தெமட்டகொடை நானா:
வேகம் கூடின ரவை வேண்டவே வேணாம். 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீட்டர் அளவு. மெச் ரவை அதுக்குக் கீழயே நிக்கும், அதுதான் நமக்கு நல்லது. வேகம் கூடினது ஒலிக்கு மேல புறப்பட்டு, வழியில் கீழ இறங்கும்போது ஆட்டம் வாங்கும். கிரவுனை லூப் (பெருக்குக் கண்ணாடி) வைச்சுப் பாருங்க, ஒரு பஞ்சு மொட்டை உள்ளிருந்து வெளிய இழுத்துப் பாருங்க. நார் சிக்கினா அப்ப பேசலாம். அதுக்கு முதல் லேத் பக்கம் போகாதீங்க.

மரமும் இரும்பும் சொன்ன இடப்பக்கத்துக்கு என்ட பதில்: ஆயுத அறையில் இருந்து எடுத்த நாள் தொடக்கம் ஸ்குரூவை முறுக்கு அளந்து இறுக்கினாங்களா? கையால் இறுக்கினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இறுக்கம். அதையும் பெடிங் கணக்கில் போடக்கூடாது.

வெள்ளவத்தை வாசன்:
இறுக்கம் அளக்கிற சாவி எங்களிட்ட இல்லை நானா, கையாலதான். பஞ்சு மொட்டு சிக்கேல்ல. போல்டைக் கழட்டிப் பாத்தன்: ஸ்பிரிங்கைச் சுத்திப் பழைய கிறீஸ் மெழுகு மாதிரிக் காய்ஞ்சு, மண்ணிறமா ஒட்டிக்கிடக்கு. ரவை போடுற சேம்பருக்கு முன்னுக்குக் குழலில ஒரு கறுப்பு வளையமும் தெரியுது, துணி விட்டாப் போகேல்ல.

தெமட்டகொடை நானா:
இதைத்தான் தேடினேன்! காய்ஞ்ச கிறீஸ் ஃபயரிங் பின்னைப் பிடிச்சு இழுக்கும். அடி ஒரு தடவை பலம், ஒரு தடவை பலவீனம்; விளிம்பில் பற்றுறதும் அப்படித்தான், வேகமும் அப்படித்தான். கழுவி, துடைச்சு, மெல்லிய எண்ணெய் ஒரு பொட்டு மட்டும் விடுங்க. ஸ்பிரிங் தளர்ந்திருந்தா புதுசு போடுங்க. அந்தக் கறுப்பு வளையம் கரியும் மருந்தில் இருக்கிற கண்ணாடித் தூளும் சேர்ந்து இறுகினது. கரைப்பான் ஊறவிட்டு, வெண்கலப் பிரஷ், பின்பக்கத்தால் வழிகாட்டிக் குழாய் வைச்சு மட்டும். பிறகு உடனே குறூப் பாக்காதீங்க. புதுசாத் துடைச்ச குழலில் ரவையின் மெழுகு படியும்வரை கொஞ்சம் சுடணும்.

மரமும் இரும்பும்:
இதில் எனக்கு மறுப்பு இல்லை, துடைக்கத்தான் வேண்டும். ஆனால் இடப்பக்கக் குறூப்புக்கு இன்னும் பதில் வரவில்லை. வாசன், நுண்ணிய அசைவை அளக்கிற டயல் கேஜ் ஒன்று கிடைக்குமா? துவக்கை நிறுத்திப் பிடித்து, கேஜைக் குழலில் கட்டி, முள்ளைக் கட்டையின் நுனியில் வையுங்கள். முன் ஸ்குரூவை மெல்லத் தளர்த்தி முள் எவ்வளவு நகருகிறது என்று பாருங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஓடினால் கட்டை ரிசீவரை வளைத்துப் பிடித்திருக்கிறது.

வெள்ளவத்தை வாசன்:
ஒரு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கேஜ் வாங்கி ஆமரரோட சேர்ந்து செய்தம். முள் 0.15 வரைக்கும் ஓடிச்சுது. திரும்ப இறுக்க அதேயளவு திரும்பி வந்துது. ஆமரருக்குப் பெரிய சந்தோசம்.

மரமும் இரும்பும்:
இனி என்ன சாட்சி வேண்டும்? மூன்று மடங்கு.

தெமட்டகொடை நானா:
கட்டை வளைக்குது, ஒத்துக்கொள்றேன். ஆனா அந்த வளைவு போன வருஷம் இருக்கல்லயா? மரம் ஒரு வருஷத்தில் அவ்வளவு மாறாது. துவக்கு நல்லாச் சுட்ட காலத்திலும் அந்த 0.15 இருந்திருக்கலாம். அதனாலதான் கேட்கிறேன், திருப்பி எடுக்கக்கூடியதை முதல் செய்யுங்க. கிறீஸ், ஸ்பிரிங், கரி, முறுக்குச் சாவி. ஒண்டு செஞ்சு தாளில் பாத்துட்டு அடுத்தது. எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தினா எது குணமாக்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சங்கத்துச் சொத்து, அனுமதிப்பத்திரம் வருஷா வருஷம் புதுப்பிக்கிற சாமான். பழுதாக்கினா இன்னொண்டு எடுக்கிறது லேசில்லை.

மரமும் இரும்பும்:
வரிசையை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. போல்டைக் கழுவினால் மேல் கீழ் நீளம் குறையும், இரண்டு குறூப் அப்படியே நிற்கும் என்பது என் எதிர்பார்ப்பு. வாசன், முறுக்குச் சாவி கிடைத்தால் இரண்டு ஸ்குரூவையும் 3 நியூட்டன் மீட்டரில் தொடங்குங்கள். பெடிங் இல்லாத பழைய மரத்தில் எடுத்தவுடன் 5க்குப் போக வேண்டாம், நசுங்கின இடம் இன்னும் நசுங்கும்.

வெள்ளவத்தை வாசன்:
சரி. இந்தக் கிழமை போல்டும் கரியும். ரவை ஒரே லொட்டில மிச்சம் இருக்கிற பெட்டிகளைத் தனியா எடுத்து வைச்சிட்டன். ஆமரரிட்ட எபொக்சியை அலுமாரியில வைக்கச் சொல்லியிருக்கிறன். முன்னுக்கும் பின்னுக்கும் சுட்ட தாளுகளைப் படமெடுத்து இங்க போடுறன், இரண்டு பேரும் பாத்துச் சொல்லுங்கோ.