மைக்கேல் ஜாக்சன்: மேடையில் சொல்ல, அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் வேண்டும்

கேள்வி – அடிவாரம் டான்ஸ் குழு

வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் எட்டுப் பேர் சேர்ந்து நடனக் குழு வைத்திருக்கிறோம். இந்த வருடக் கோடை விழாவில் 20 நிமிடம் கிடைத்திருக்கிறது, முழுக்க மைக்கேல் ஜாக்சன் பாட்டுதான். உடை மாற்றும் நேரத்தில் நான் மைக் பிடித்துப் பேச வேண்டும். 1984இல் ஒரே இரவில் எட்டு கிராமி இசை விருது வாங்கினார் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மூன்வாக் அவர் கண்டுபிடித்ததல்ல, 1955லேயே பில் பெய்லி என்ற கலைஞர் அப்படிப் பின்னால் வழுக்கிக்கொண்டே மேடையை விட்டுப் போயிருக்கிறார், 1983இல் ஜாக்சன் ஆடிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது என்பதை எழுதி வைத்திருக்கிறேன். "கருப்பாகப் பிறந்து காசு கொடுத்து வெள்ளையானவர்" என்று ஒரு வரியும் இருக்கிறது, கைதட்டல் விழும் என்கிறான் நண்பன். வேறு என்ன சொல்லலாம்? அப்புறம், உடம்பை விறைப்பாக வைத்து 45 டிகிரி முன்னால் சாய்வாரே, அதை நாங்கள் செய்ய முடியுமா?

பதில் – கஞ்சமலைக்காரன்

தம்பி, நான் இரும்பாலையில் 31 வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். ஜாக்சனின் அப்பா ஜோசப்பும் இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர்.

எனக்கு இது தெரிந்ததே 2009 ஜூனில், ஜாக்சன் இறந்த வாரம். பேப்பரில் எங்கேயோ நடுவில் ஒரு வரி. அன்றைக்கு எனக்கு பி ஷிப்ட். கேபினில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலை எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரமும் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள எஃகுத் தகட்டுச் சுருள் கொக்கியில் தொங்கும். இரைச்சலில் ஒன்றும் கேட்காது, கீழே நிற்கிறவர் கையால் காட்டுகிற சைகைதான் பேச்சு. சுமை ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தால் பயந்து எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது, அது போகிற பக்கமே கிரேனைக் கொஞ்சம் கூடவே விட்டு அடக்க வேண்டும். இறங்கி வரும்போது கழுத்து நம்முடையதாகவே இருக்காது.

அந்த உடம்போடு ஜோசப் போன வீட்டை யோசித்துப் பாருங்கள். இந்தியானா மாநிலத்தில் கேரி என்ற ஊர். 1906இல் இரும்பாலைக்காகவே உண்டாக்கிய ஊர் அது. ஜாக்சன் தெரு, 2300ஆம் எண். தெருவுக்கு அந்தப் பெயர் இவர்களால் வந்ததில்லை. அந்த வரிசைத் தெருக்களுக்கெல்லாம் அமெரிக்க ஜனாதிபதிகள் பெயர்தான். இரண்டே படுக்கையறை, ஒன்பது பிள்ளைகள். பையன்களெல்லாம் ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில்.

ஜோசப்பிடம் ஒரு கிட்டார் இருந்தது. யாரும் தொடக் கூடாது. அவர் ஷிப்டுக்குப் போனதும் டிட்டோ என்ற மகன் எடுத்து வாசிப்பான். ஒரு நாள் தந்தி அறுந்துவிட்டது. வந்து பார்த்தவருக்கு ஆத்திரம். அப்புறம், "எங்கே, வாசித்துக் காட்டு" என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஜாக்சன் சகோதரர்களின் குழு அங்கேதான் ஆரம்பம். 1968இல் வந்த அவர்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்ட உள்ளூர்க் கம்பெனியின் பெயரே 'ஸ்டீல்டவுன்', நம் பேச்சில் இரும்பு நகரம். அடுத்த வருடமே மோடவுன் கம்பெனியில் சேர்ந்து ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்பா கையில் பெல்ட்டோடு ஒத்திகை பார்ப்பார் என்று ஜாக்சனே 2003இல் பேட்டியில் சொன்னார். அதற்கு நியாயம் கிடையாது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது, பிஸ்கட் டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் மகனை நானும் அடித்திருக்கிறேன். இன்று அவனுக்கு 38 வயது. அதற்குப் பிறகு அவன் எதிலும் தாளம் தட்டி நான் பார்த்ததில்லை.

பதில் – அஸ்தம்பட்டி டீச்சர்

தம்பி, அந்த "வெள்ளையானவர்" வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவருக்கு இருந்தது வெண்புள்ளி. 1993 பிப்ரவரியில் டிவி பேட்டியாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அவரே வாய்விட்டுச் சொன்னார், நிறைய பேர் நம்பவில்லை. இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை அதை உறுதி செய்தது. முதலில் வெள்ளைத் திட்டுகளைக் கருப்பு மேக்கப் போட்டு மறைத்திருக்கிறார். திட்டுகள் பரவிய பிறகு, மிச்சமிருந்த கருப்பை மறைப்பதே சுலபம் என்றாகிவிட்டது.

எனக்கு 19 வயதில் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் அரிசி அளவுக்கு ஆரம்பித்தது. இப்போது மணிக்கட்டு தாண்டிவிட்டது. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையை எடுத்துக்கொள்வார். இது தொற்றாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். ஜாக்சன் இறந்த நாள் என்பதால்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் இதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் எங்களைப் போல ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

பதில் – குகை மேடை செட்

அந்தச் சாய்வு வேண்டாம் தம்பி. 'ஸ்மூத் கிரிமினல்' பாட்டின் 1988 வீடியோவில் கம்பி கட்டித்தான் சாய்ந்தார்கள். நேரடி மேடைக்குத் தனி ஷூ செய்து, அதற்கு 1993இல் காப்புரிமையும் வாங்கினார்கள். ஜாக்சனோடு சேர்த்து மூன்று பேர் பெயரில் இருக்கிறது. குதிகாலில் ஒரு பள்ளம் இருக்கும். சரியான நேரத்தில் மேடைத் தரையிலிருந்து ஒரு முளை மேலே வரும். காலை முன்னால் தள்ளி அதில் மாட்டிக்கொண்டு சாய வேண்டும். அப்போதும் முதுகும் குதிகால் நரம்பும் இரும்பு மாதிரி இருந்தால்தான் நிமிர முடியும். ஒரு கோயில் திருவிழாவில் ஒரு பையன் ஷூவைப் பலகையோடு ஆணி அடித்து முயற்சி செய்தான். கணுக்கால் திரும்பி மூன்று மாதம் படுக்கை. தூக்கி வண்டியில் ஏற்றியதே நான்தான்.

கேள்வி கேட்டவர்

டீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டேன், ஜூன் 25ஐ அங்கே சேர்த்துவிட்டேன். சாய்வும் கிடையாது அண்ணா. கஞ்சமலை ஐயா, அந்தக் கிரேன் சைகைகளை வைத்தே முதல் நடனத்தை ஆரம்பிக்கலாம் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். கற்றுத் தருவீர்களா?

பதில் – கஞ்சமலைக்காரன்

ஞாயிறு காலை வாருங்கள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் தூக்கு, கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. இரண்டையும் தாளத்துக்கு எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளுங்கள். கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வீசுவது நிறுத்து. அதை மட்டும் உள்ளபடியே செய்யுங்கள். என் மகனையும் வரச் சொல்கிறேன்.